குதிரை மேல் வில்லும் அம்பும்: விழும் நேரத்தை நினைத்துக் கட்டுங்கள்

குதிரையில் ஏறுகிற எவரும் ஒரு நாள் விழுவார்கள். எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும், குதிரை எவ்வளவு சாதுவாக இருந்தாலும், சீமைக்கருவேலப் புதருக்குள்ளிருந்து ஒரு மயில் படபடவென்று கிளம்பினால் போதும். அந்த நொடியில் அம்பு எங்கே இருந்தது, அதன் முனை எந்தப் பக்கம் பார்த்திருந்தது, வில் உங்களோடு கீழே வந்ததா குதிரையோடு ஓடிப்போனதா என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் மண்ணைத் தட்டிவிட்டு எழுவதும் 108-க்குப் போன் போடுவதும். அதனால் எதை எங்கே கட்டுவது என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் வசதியைப் பார்ப்பதில்லை. விழும் நேரத்தில் அது என்ன செய்யும் என்று மட்டும் பார்க்கிறேன்.

இராமநாதபுரத்துக் கடற்கரையில், பெரியபட்டினத்துக்கும் சேதுக்கரைக்கும் இடையே காலையில் வில்லோடு குதிரையில் போகிற என்னைப் பார்த்து "வேட்டைக்கா?" என்று கேட்காதவர்கள் குறைவு. இல்லை. இங்கே வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மயிலோ மானோ எதன் மீதும் அம்பை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது என்பதுதான் என் எண்ணமும். நான் எய்வது ஒரு பனந்தோப்புக்குள் கட்டி வைத்த வைக்கோல் கட்டுகள் மீது, மழுங்கிய முனை போட்ட அம்புகளால். ஆனால் என் அத்தை மகன் கொலராடோவில் இருக்கிறான். அங்கே அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட விஷயம். உரிமம் வாங்கி, செப்டம்பரில் வில்லுக்கென்று ஒதுக்கிய பருவத்தில், எல்க் என்கிற பெரிய மானைத் தேடி மலைக்குக் குதிரையில் போகிறான். இருட்டிலேயே கிளம்பி, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பாதை ஏறி, ஓரிடத்தில் குதிரையைக் கட்டிப் போட்டுவிட்டு அப்புறம் நடந்துதான் வேட்டை. குதிரை மேலிருந்து எய்வதில்லை. அவனும் நானும் போனில் பேசினால் பாதி நேரம் இந்த ஒரே விஷயம்தான்: எதைக் குதிரை மேல் ஏற்றுவது, எதை உடம்பில் மாட்டுவது.

வேட்டை அம்பின் முனையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். பிராட்ஹெட் என்று சொல்கிறார்கள். இரண்டோ மூன்றோ நான்கோ அலகுகள், ஒவ்வொன்றும் சவரக் கத்தியின் கூர்மை. வேகத்தில் குத்தி விலங்கைக் கொல்லும் ஆயுதம் அல்ல அது. அறுத்து, ரத்தம் போக்கிக் கொல்வது. ஆகவே அது வில்லிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற அவசியமே இல்லை. அம்பு வைக்கிற தூணியில் சும்மா கிடக்கும்போது உங்கள் தொடையோ குதிரையின் விலாவோ அதன் மேல் அழுந்தினாலே போதும். தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அது அறுந்தால் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை கூட நேரம் இருக்காது.

இதற்கு அத்தை மகனின் வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வேட்டை முனைகள் திருகு மரையில் ஏறுகிறவை. அவன் மலை ஏறும்போது அம்புகளில் முனையே இருக்காது. முனைகள் தனியாக, மூடி போட்ட கெட்டியான சின்னப் பெட்டியில், சேணப் பையின் அடியில் கிடக்கும். குதிரையைக் கட்டி, அதைவிட்டுப் பத்தடி தள்ளி வந்து, உட்கார்ந்து, முனைக்கென்று இருக்கிற பிளாஸ்டிக் சாவியால் ஒவ்வொன்றாகத் திருகி மாட்டிக்கொண்டு கிளம்புவான். கையால் திருகுவதில்லை. கூட வருகிறவர்களில் சிலர் இதை வீண் வேலை என்கிறார்கள். முனையைக் கழற்றி மாட்டினால் அம்பின் குறி மாறிவிடும் என்பது அவர்கள் வாதம். எந்த அம்புக்கு எந்த முனை என்று எண் போட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் கடைசிவரை இறுக்கினால் குறி மாறுவதில்லை என்று அவன் சொல்கிறான். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கழற்ற மனமில்லாதவர்கள் குறைந்தபட்சம் முனைகள் முழுக்க உள்ளே மறைகிற, கெட்டியான குல்லா வைத்த தூணியையாவது பயன்படுத்த வேண்டும். அந்தக் குல்லாவுக்குள் இருக்கிற ஃபோம் நாளடைவில் அலகு பட்டுப் பட்டு அரிந்து தளர்ந்துவிடும், அம்பு ஆடத் தொடங்கும். ஆடுகிற அம்பு குதிரையின் ஓட்டத்தில் வெளியே வரும். ஆடுகிறதா என்று கிளம்பும் முன்பே ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

தூணியை முதுகில் மாட்டுவது பற்றி. சினிமாவில் அழகாக இருக்கிறது, தோளுக்கு மேல் கையைக் கொண்டுபோய் அம்பை உருவுவது. குதிரையிலிருந்து மல்லாக்க விழுகிறவனின் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கெட்டியான குழாயை வைப்பது அது. முனை மழுங்கலாக இருந்தாலும் சரி, அம்பே இல்லாமல் வெறும் குழாயாக இருந்தாலும் சரி, நான் சொல்வது மாறாது. குனிந்தால் அம்புகள் தலைக்கு முன்னால் கொட்டும், உடைமரத்துக் கிளைக்கு அடியில் போனால் மாட்டும். பழங்காலப் புல்வெளி நாடோடிகளான சித்தியர்களில் தொடங்கி மங்கோலியர், துருக்கியர் வரை குதிரை மேலேயே வாழ்ந்து குதிரை மேலேயே சண்டை போட்ட கூட்டங்கள் எல்லாம் வில்லையும் அம்பையும் இடுப்பில்தான் மாட்டினார்கள். சித்தியர்கள் இடது இடுப்பில் ஒரே உறையில் இரண்டையும் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் வில்லுறையை இடப்பக்கமும் தூணியை வலப்பக்கமுமாகப் பிரித்தார்கள். எய்வதற்கு வசதி என்பது ஒரு காரணம். முதுகு காலியாக இருப்பது இன்னொரு லாபம். நானும் இடுப்பில்தான் மாட்டுகிறேன், ஆனால் மழுங்கிய முனைகளை மட்டும். அலகு வைத்த அம்பை உடம்பில் எந்த இடத்திலும் மாட்டிக்கொண்டு குதிரை ஏறக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை.

வில்லுக்கு வருவோம். என்னிடம் இருப்பது ஐம்பது அங்குலத்துக்குள் அடங்குகிற குதிரை வில், நாணைக் கழற்றிவிட்டால் வெறும் வளைந்த குச்சி. தோப்புக்குப் போய்ச் சேரும்வரை நாண் ஏற்றுவதே இல்லை. துணி உறையில் போட்டு, சேணத்தின் வலப்பக்கம், முழங்காலுக்குப் பின்னால் படுகிற மாதிரிக் கட்டிவிடுகிறேன். வழியில் பார்க்கிறவர்களுக்கும் அது நிம்மதி. உறைக்குள் இருக்கிற வில்லைப் பார்த்து யாரும் மிரள்வதில்லை, கடலோரத்தில் யாராவது நிறுத்திக் கேட்டாலும் பதில் சொல்ல எளிது.

இரண்டு நுனியிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் அப்படி இல்லை. நாணைக் கழற்ற முடியாது, எப்போதும் முறுக்கேறியே இருக்கும். ஒரு முள்ளோ கூரான அலகோ நாணில் பட்டு அது அறுந்தால் வில்லின் இரண்டு கைகளிலும் அடைந்து கிடக்கிற விசை மொத்தமும் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பும், வில் சிதறும், பக்கத்தில் இருக்கிறவர் முகமும் குதிரையின் வயிறும் அதற்குத் தெரியாது. அதனால் காம்பவுண்ட் வில்லுக்குக் கட்டாயம் பஞ்சு வைத்துத் தைத்த, நாணையும் இரண்டு சக்கரங்களையும் முழுக்க மூடுகிற உறை வேண்டும். வில்லோடு சேர்த்து மாட்டுகிற தூணியை அந்த உறைக்குள் வைக்கவே கூடாது, அம்பு முனை நாணுக்கு அருகிலேயே உட்கார்ந்திருக்கும். கழற்றித் தனியாக, மறுபக்கம் கட்ட வேண்டும். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இருந்தால் சேணமும் ஒரு பக்கமாகச் சரியாது. எடை என்று பார்த்தால் வில்லும் அம்புகளும் சேர்ந்து இரண்டு மூன்று கிலோதான், குதிரைக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு பக்கமாக ஆடுகிற இரண்டு கிலோதான் வயிற்று வாரைத் தளர்த்தி, சேணத்தை உருட்டி, உங்களைக் கீழே போடும்.

உறையை எந்தப் பக்கம் கட்டுவது? நாம் இடப்பக்கமிருந்து ஏறுகிறோம், ஆகவே வலப்பக்கம். எந்த உயரம்? வில்லின் மேல் நுனி சேணத்தின் பின்விளிம்பைவிட மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஏறும்போது வலது காலைத் தூக்கிச் சுழற்றுவோமே, அந்தக் கால் நேராக அதில் போய் இடிக்கும், குதிரைக்கு முதுகுப் பக்கம் யாரோ அறைந்தது மாதிரி இருக்கும், நீங்கள் ஒரு காலில் அங்கவடியில் நிற்கும்போது அது கிளம்பும். குதிரை ஓட்டுகிறவர் சொல்லக்கூடிய மிக மோசமான நிலைமை அதுதான். இன்னொன்றும் உண்டு. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்புறத்தையும் நெற்றிக்கு முன் கொஞ்ச இடத்தையும் தவிர ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். தன் முதுகுக்கு மேலே ஏதோ அசைகிறது என்றால் புலி பாய்ந்துவிட்டது என்றே அதன் உடம்பு நினைக்கும். காற்றில் ஆடுகிற வில் நுனியும் அதன் கண்ணுக்கு அப்படித்தான்.

நாண் ஏற்றிய வில்லை நெஞ்சுக்குக் குறுக்காக மாட்டிக்கொண்டு ஓட்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்து ஒற்றையடிப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், தலைக்கு மேலே கூடாரம் போலக் கிளை. வில்லின் மேல்நுனி கிளையில் மாட்டும், குதிரை நிற்காது, நாண் கழுத்தை நோக்கி ஏறும். வேண்டவே வேண்டாம்.

வில்லைக் கையில் பிடித்து ஓட்டுவது, அதாவது தோப்புக்குள் எய்கிற நேரத்தில், அது வேறு. அப்போது இரண்டே விதிகள். மணிக்கட்டில் வில்லைக் கோர்க்கிற வார் கூடாது, தரையில் நின்று எய்கிறவர்களுக்கு அது நல்லது, குதிரையில் அது வில்லை உங்களோடு கட்டிவிடுகிறது. கடிவாள வாரையும் விரலில் சுற்றக் கூடாது. விழப் போகிறோம் என்று தெரிந்தவுடன் வில்லைக் குதிரைக்கு எதிர்ப் பக்கமாக வீசிவிட வேண்டும். இது யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை தானாகச் செய்ய வேண்டும். அதனால் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் ஒரு மரக்கட்டை மேல் உட்காரவைத்து, "விழு" என்று சொன்னால் வீசச் சொல்லித்தான் பழக்குகிறேன். விலை கொடுத்து வாங்கிய வில்லை வீச மனசு வராது. வர வேண்டும்.

இவ்வளவும் மனிதனின் பக்கம். குதிரையைக் கேட்காமல் எதையும் அதன் மேல் கட்ட முடியாது. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஏர்வாடிப் பக்கத்து வயதான காக்கா ஒருவர் (இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), சந்தனக்கூடு ஊர்வலத்துக்குக் குதிரைகளைத் தயார் செய்தவர். மேளமும் வேட்டும் கூட்டமுமாக இருக்கிற இடத்தில் குதிரையை நிம்மதியாக நிற்க வைக்கத் தெரிந்த மனிதர். "தம்பி, குதிரைக்கு மொதல்ல சத்தத்தக் காட்டு, அப்புறம் சாமானக் காட்டு, கடைசியாத்தான் கட்டணும்" என்றார். தூணிக்குள் அம்புகள் உரசி எழுப்புகிற அந்தக் கடகட சத்தம் நமக்குக் காதில் விழுவதே இல்லை, குதிரைக்கு அது விலாவுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது, ஓட ஓட அதிகமாகிறது, தான் ஓடுவதால்தான் அதிகமாகிறது என்று அதற்குத் தெரியாது. பயந்து ஓடும், ஓட ஓட இன்னும் பயப்படும்.

அவர் செய்தது இதுதான். முனை இல்லாத மூங்கில் குச்சிகளைத் தூணியில் போட்டு, தூரத்தில் நின்று லேசாக ஆட்டுவார். குதிரை தலையைத் தூக்கிக் காதை விறைக்கும். ஆட்டிக்கொண்டே நிற்பார், கிட்டே போக மாட்டார். அது தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, ஒரு பெருமூச்சு விடுகிற அந்தக் கணத்தில் சத்தத்தை நிறுத்திவிடுவார். பயப்படும்போது நிறுத்தினால் பயந்தால் சத்தம் நிற்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அமைதியாகும்போது நிறுத்தினால் அமைதியானால் நிற்கும் என்று கற்றுக்கொள்ளும். அப்புறம் கொஞ்சம் கிட்டே. அப்புறம் தோளில் தேய்த்து, வயிற்றில் தேய்த்து, பின்னங்காலில் தட்டி. இடப்பக்கம் முடிந்தால் வலப்பக்கம் மறுபடி முதலிலிருந்து, ஏனென்றால் ஒரு பக்கம் பழகியதை வைத்து மறுபக்கம் பழகிவிட்டது என்று குதிரையிடம் எதிர்பார்க்க முடியாது. அதன் பிறகு கட்டி, ஆள் ஏறாமல் கையில் பிடித்து நடத்துவது, நடை, ஓட்டம். நாண் அதிர்கிற சத்தத்தையும் இதே மாதிரி தரையில் நின்றே காட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் ஆள். அவசரப்பட்டு இந்த வேலையைக் குறைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் கடைசியில் கெட்ட பெயர் குதிரைக்குத்தான்.

இந்தக் கரைக்குக் குதிரை புதிதில்லை. பாண்டியர் காலத்தில் அரபு நாடுகளிலிருந்து கடல் வழியாக இந்தப் பக்கத் துறைமுகங்களுக்குக் குதிரைகள் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, வருடா வருடம் அவ்வளவு குதிரைகளை வாங்கியும் பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின என்று எழுதினார். வெயிலும் தீனியும் கவனிப்பும்தான் விஷயம், இன்றைக்கும் அதேதான். இங்கே எதைக் கட்டினாலும் அதற்கு அடியில் வியர்வை சேரும், மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று மணலை வாரி அந்த வியர்வையில் ஒட்டும், வார் அசையும்போதெல்லாம் அது உப்புத்தாள் மாதிரித் தோலைத் தேய்க்கும். ஒரு காலைச் சவாரியிலேயே புண் வந்துவிடும். வில்லுறையின் கட்டுகள் நேராகத் தோலில் படாமல் சேணத்துணிக்கு மேலேயே முடிய வேண்டும், உறைக்குள்ளிருந்து சக்கரமோ வில் நுனியோ விலாவில் அழுத்துகிறதா என்று கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். மொத்தச் சுமை, ஆள், சேணம், சாமான் எல்லாம் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. நம் வெயிலுக்கு அதையும் குறைத்துக்கொள்வது நல்லது.

காற்றைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கச்சான் வீசுகிற மாதங்களில் துணி உறையின் தளர்ந்த ஓரம் படபடவென்று அடிக்கும், அதையும் கட்டிவிடுங்கள். பனந்தோப்புக்குள் காய்ந்த ஓலை உராய்கிற சத்தத்துக்கே சில குதிரைகள் ஒதுங்கும், அதோடு முதுகிலும் ஒரு படபடப்பு சேர்ந்தால் தாங்காது.

கட்டுகிற கயிறு எதுவாக இருக்க வேண்டும் என்பதில் நம் ஊர்க்காரர்களோடு எனக்கு ஓயாத சண்டை. கடற்கரையில் கையை நீட்டினால் நைலான் கயிறு கிடைக்கிறது, அறவே அறாது, அதுதான் ஆபத்து. உறை ஒரு அடிமரத்தில் மாட்டிக்கொண்டால் ஏதாவது ஒன்று அறுந்தாக வேண்டும். கயிறு அறாவிட்டால் சேணம் புரளும், இல்லையென்றால் குதிரை விழும். அதனால் உறையை வாரில் மாட்டுகிற கடைசி இணைப்பு மட்டும் ஒரு சுற்றுச் சணலாக இருக்கட்டும். சாதாரண ஓட்டத்துக்குத் தாங்கும், மாட்டினால் அறும். மற்ற முடிச்சுகள் எல்லாம் ஒரே இழுப்பில் அவிழ்கிறவையாக இருக்க வேண்டும். இரும்புக் கொக்கி வேண்டாம், இந்த உப்புக்காற்றில் சில வாரங்களிலேயே துரு பிடித்து நாக்கு இறுகிவிடும், அவசரத்துக்கு அவிழாத கொக்கி நைலான் கயிறுதான். படகுச் சாமான் விற்கிற கடைகளில் எவர்சில்வரிலும் பித்தளையிலும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

விழுந்த பிறகு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்து, அவற்றை மட்டும் உடம்பில் வையுங்கள். போன், இறுக்கிக் கட்டுகிற அகலமான கட்டுத்துணி, உறையில் மடங்கிய ஒரு சின்னக் கத்தி. சேணப் பையில் வைத்தால் குதிரையோடு போய்விடும். அம்போ முனையோ உடம்பில் குத்தி நின்றால் உருவக் கூடாது. அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அலகு அறுத்த காயத்தை நேராக அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டுவிட்டு எடுத்துப் பார்க்கக் கூடாது. குதிரைக்கு அடி என்றால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. இரண்டு எண்களும் போனில் இருக்கட்டும்.

இறங்கும்போது அவசரம் காட்டுகிறவர்கள் அதிகம். வில் உறைக்குள்ளேயே இருக்க, நீங்கள் முதலில் இறங்கி, குதிரையைக் கட்டி, சுற்றிப் போய், தரையில் நின்று வில்லை எடுங்கள். கையில் வில்லோடு இறங்கினால் ஒரு கைதான் மிஞ்சும். துணைக்கு ஆள் இருந்தால் அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கலாம், எய்யப் போகும்போதும் முதலில் ஏறி உட்கார்ந்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் வில்லை மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இராமநாதபுரத்து மே மாதத்தில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஏறுகிற சூட்டில், அடுக்கி ஒட்டிச் செய்த வில்லின் பசை விட்டுப்போகலாம். வெளியே தெரியாது, அடுத்த தடவை இழுக்கும்போது பிளக்கும். கார்பன் அம்புகளைத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சேணத்திலும் உறையிலும் உரசி வந்தவை அவைதான். ஒவ்வொன்றையும் இரண்டு முனைகளிலும் பிடித்து முகத்துக்குத் தள்ளி லேசாக வளைத்து, திருப்பித் திருப்பிப் பாருங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். நெறிகிற சத்தம் வந்தாலோ நகத்தில் சின்னக் கீறல் தட்டுப்பட்டாலோ அந்த அம்பு எய்யும்போது நொறுங்கி வில் பிடித்த கைக்குள் சிம்பு சிம்பாக ஏறக்கூடியது. அதைத் தூணியில் திரும்ப வைக்காதீர்கள், மூலையில் சாத்தியும் வைக்காதீர்கள், வீட்டுப் பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். துணியைச் சுற்றிப் பிடித்து இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுங்கள்.